பட்டத்துக்கு ஒரு போர்வை

பட்டமளிப்பு விழாக்களின் பருவம் வந்துவிட்டால் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது: படித்து முடித்த பிள்ளைக்கு என்ன பரிசு கொடுப்பது? கைக்கடிகாரம், கைப்பேசி, மடிக்கணினி, மோதிரம், இருசக்கர வண்டி என்று விடைகள் வரிசையில் நிற்கின்றன. இவற்றுள் பலவும் இன்று தவணையில் கிடைக்கின்றன. கையொப்பம்கூட வேண்டியதில்லை, கைப்பேசிக்கு வரும் ஆறிலக்க எண்ணைச் சொன்னால் போதும். அந்த வரிசையில் வழக்கமாக இடம்பெறாத ஒரு பரிசை இங்கே பரிந்துரைக்க விரும்புகிறோம். பிள்ளையின் புகைப்படங்களைத் துணியில் அச்சிட்டு, வீட்டாரின் பழைய துணிகளோடு சேர்த்துத் தைத்த நினைவுப் போர்வைதான் அது.

அமெரிக்காவில் இது பரவலான வழக்கம். பள்ளி, கல்லூரி நாள்களில் அணிந்த டி-ஷர்ட்டுகளைச் சதுரங்களாக வெட்டி, இடையிடையே புகைப்படங்களைப் பதித்து, ‘குயில்ட்’ என்னும் ஒட்டுத்துணிப் போர்வையாகத் தைத்துப் பட்டம் பெறும் நாளில் கொடுக்கிறார்கள். இதைக் கேட்டவுடன், இன்னுமோர் இறக்குமதி வழக்கமா என்று சலித்துக்கொள்ளத் தேவையில்லை. புகைப்படம் வேண்டுமானால் புதிதாக இருக்கலாம்; பழைய துணியை அடுக்கித் தைத்து வாழ்க்கையைப் பதிவு செய்யும் கலை இந்த நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

வங்காளத்தின் காந்தாப் போர்வை பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓடு தையலால் இணைப்பது. தையலுக்கான வண்ண நூலையும் புடவைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது பழைய வழக்கம். நாம் சொல்லும் ‘கந்தை’யும் அந்தக் ‘காந்தா’வும் ஒரே சொல்லடியிலிருந்து வந்தவை. பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தில் உள்ள பூசுரா கிராமத்துப் பெண்கள் தைக்கும் சுஜனி, பிறந்த குழந்தையைப் போர்த்துவதற்கென்று தோன்றியது. இன்று அதே சுஜனியில் வரதட்சணைக் கொடுமையையும் பள்ளி செல்லும் பெண்களையும் அவர்கள் தைத்துக் காட்டுகிறார்கள். மகாராட்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி என இதற்குப் பல பெயர்கள் உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் ஒரு மூலையில் தையலைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை அடைகிறார்கள்; நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்னும் பொருளுடைய சிறு மடிப்பைத் தைத்தால்தான் அவர்களுக்குப் போர்வை முழுமை பெறும்.

வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட ‘நக்சி காந்தார் மாட்’ என்னும் கதைக் கவிதையின் நாயகி, தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து வைக்கிறாள். ஏடும் எழுதுகோலும் எட்டாத பெண்களுக்கு ஊசியும் நூலுமே எழுதுகருவியாக இருந்தன என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நம் பக்கத்தில் போர்வை தைக்கும் மரபு அவ்வளவாக இல்லை. வெயில் அதற்குத் தேவை வைக்கவில்லை. ஆயினும் பிறந்த குழந்தையைப் பாட்டியின் துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழம்புடவையில் ஏந்துவதும், தாயின் புடவையில் தூளி கட்டுவதும் நமக்குத் தெரிந்தவைதாம். பழைய துணியைப் பரிசாகக் கொடுப்பது குறைவு என்று எண்ணுவோர், பிள்ளை இவ்வுலகில் முதன்முதலில் பெற்றது அத்துணிதான் என்பதை நினைத்துப் பார்க்கலாம். அன்று தூளியில் கிடந்த பிள்ளை இன்று தில்லிக்கோ புனேவுக்கோ பெங்களூருவுக்கோ முதல் வேலைக்குப் புறப்படுகிறது. மார்கழிக் குளிரில் அங்கே ஒரு போர்வை வேண்டியிருக்கும். ஆகவே இது அலங்காரப் பொருள் மட்டுமாக நின்றுவிடாது, அன்றாடம் பயன்படும்.

கணக்கேட்டில் வராத கடன்கள்

வங்கித் துறையில் இருப்பதால் நமக்குக் கணக்குகளோடு பழக்கம் அதிகம். ஒரு கல்விக் கடன் கணக்கை எடுத்துக்கொண்டால் அசல், வட்டி, தவணைக் காலம், இணைக் கடனாளியாகிய பெற்றோரின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். ஒரு பைசாவும் தவறாது. ஆனால் ஒரு பட்டம் உருவாவதற்கு முதலீடு செய்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் கணக்கில் இல்லை. தம்பி கல்லூரிக்குப் போகட்டும் என்று பன்னிரண்டாம் வகுப்போடு நின்று ஆடை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அக்காவின் பெயர் அங்கே வராது. கூடுதல் நேரப் பணியை விரும்பிக் கேட்டு வாங்கிய ஓட்டுநர் தந்தையின் இரவுகள் வரா. அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து சோறு கட்டிய தாயின், அத்தையின், பாட்டியின் உழைப்புக்கு எந்த ஏட்டிலும் பற்று இல்லை, வரவும் இல்லை.

முதல் தலைமுறையாகப் பட்டம் பெறுவோரின் வீடுகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அவ்வீடுகளில் புகைப்படங்களும் குறைவு. பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த ஒரு குழுப்படம், அடையாள அட்டைக்கு எடுத்த மார்பளவுப் படம், யாரோ ஒருவர் திருமணத்தில் ஓரமாக நின்ற படம் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். முழுக்க முழுக்கப் புகைப்படங்களாலான பரிசு அத்தகைய வீட்டாரைத் தலைகுனிய வைக்கும். போர்வை அப்படிச் செய்வதில்லை. படம் இல்லாத இடத்தில் துணி பேசும். தந்தையின் காக்கிச் சட்டைப் பை, அக்காவின் நிறுவனச் சீருடை, தாயின் வெளிர்ந்துபோன வாயில் புடவை, ஏழாம் வகுப்பில் அணிந்த சீருடையின் கட்டம் ஆகிய நான்கு துண்டுகளே ஒரு வரலாற்றைச் சொல்லிவிடும். கைப்பேசியையோ கடிகாரத்தையோவிட நினைவுப் போர்வையே பட்டத்துக்குப் பொருத்தமான பரிசு என்று நாம் கருதுவதற்கு முதற்காரணம் இதுதான்: யார் யார் சேர்ந்து இந்தப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார்கள் என்பதை அது ஒரே பரப்பில் காட்டுகிறது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நன்றியை நினைவூட்டும் போர்வை, கடனை நினைவூட்டும் போர்வையாகிவிடக் கூடாது. ‘உனக்காக இவ்வளவு பட்டோம்’ என்று நீட்டினால் அது பரிசாகாது; வசூல் கடிதமாகிவிடும். மதிப்பெண் பட்டியலையோ தர வரிசையையோ அதில் அச்சிட வேண்டாம். பிள்ளை வெட்கப்படும் படத்தையும், இன்று பிரிந்துபோன நண்பர்களின் படத்தையும் கேட்காமல் சேர்க்க வேண்டாம். எதிர்பாராத பரிசாகக் கொடுக்க விரும்பினால், பிள்ளையின் நெருங்கிய நண்பர் ஒருவரைக் கலந்து படங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தவணையின் விலை

இரண்டாவது காரணம் பணம். வங்கியின் இதழ் ஒன்று ‘கடன் வாங்கிப் பரிசளிக்காதீர்கள்’ என்று எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கடன் என்பது வருவாயையோ திறனையோ உடைமையையோ பெருக்குவதற்கு வாங்கப்படும்போதுதான் வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் நன்மை. கல்விக் கடன் அந்த வகையைச் சேர்ந்தது. பட்டமளிப்பு விழா மாலையில் மகிழ்ச்சி மிகுதியால் வாங்கும் தவணைக் கடன் பெரும்பாலும் அந்த வகையில் சேராது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 60,000 ரூபாய்க் கைப்பேசி ஒன்றை ஆண்டுக்கு 16 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணையில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 5,440 ரூபாய். ஓராண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 5,300 ரூபாய். கடன் அட்டையில் வாங்கி, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் நிலைமை இதைவிட மோசம். பல அட்டைகளில் நிலுவைக்கு மாதம் 3 விழுக்காட்டுக்கு மேல் வட்டி விதிக்கப்படுகிறது. அதோடு, நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

அதே வீட்டில் 4 லட்சம் ரூபாய்க் கல்விக் கடன் இருக்கிறது எனக் கொள்வோம். வட்டி 10 விழுக்காடு என்றால் ஓராண்டுக்கு 40,000 ரூபாய். படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதுதான் பெரும்பாலான கல்விக் கடன்களின் அமைப்பு. ஆனால் அக்காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். பின்னர் அது அசலோடு சேர்ந்து தவணையைப் பெரிதாக்கும். போர்வையைத் தைத்துக் கொடுத்துவிட்டு, கைப்பேசிக்கென ஒதுக்கிய பணத்தைப் பிள்ளையின் கல்விக் கடன் கணக்கில் செலுத்தினால், வேலைக்குச் சேரும் முதல் ஆண்டில் அந்தப் பிள்ளை சற்று இலகுவாக மூச்சுவிடும். போர்வையோடு அந்த வரவுச் சீட்டையும் வைத்துக் கொடுக்கலாம். பட்டம் பெற்றவருக்கு இதைவிட நல்ல இரட்டைப் பரிசு நமக்குத் தெரியவில்லை.

பிள்ளையின் வேலைக்கு மடிக்கணினி உண்மையிலேயே தேவை என்றால் அதைத் தயங்காமல் வாங்கித் தர வேண்டும். அது தொழிற்கருவி, குடும்பச் செலவுத் திட்டத்தில் முன்கூட்டியே இடம்பெற வேண்டியது. அதைப் பரிசு என்று அழைத்து, தேவைக்கு மேலான விலையில் வாங்குவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறோம்.

‘படமெல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறதே’ என்பது அடுத்த மறுப்பு. இருக்கிறது, ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அவற்றுள் எட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு வீட்டார் ஒரு மாலை கூடி உட்கார வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று பேச வேண்டும். பரிசின் பாதி அந்தப் பேச்சிலேயே தயாராகிவிடுகிறது. ஆயிரம் படங்களை அப்படியே சேமித்து வைக்கும் கருவியால் அதைச் செய்ய முடியாது.

செய்யும் முறை பற்றிச் சில சொற்கள்

ஒருவர் போர்த்துவதற்கு 54 அங்குல அகலமும் 66 அங்குல நீளமும் போதும். குறுக்கே நான்கு, நெடுக்கே ஐந்து என 12 அங்குலச் சதுரங்கள் இருபது. சுற்றிலும் 3 அங்குலக் கரை. தையலுக்கு இடம்விட்டு ஒவ்வொரு சதுரத்தையும் 13 அங்குலமாக வெட்ட வேண்டும். இருபதில் எட்டைப் படங்களுக்கும் பன்னிரண்டைத் துணிகளுக்கும் ஒதுக்கினால் கண்ணுக்கும் இதம், செலவும் குறைவு. பின்புறத்துக்குத் தாயின் பருத்திப் புடவை ஒன்றே போதும். நம் தட்பவெப்பத்துக்கு நடுவே பஞ்சு வைக்க வேண்டியதில்லை. காந்தாவைப் போல் இரண்டு மூன்று அடுக்குப் புடவை வைத்து ஓடு தையல் போட்டால் மெல்லியதாகவும் துவைக்க எளிதாகவும் இருக்கும்.

படத்தை அச்சிடும் கடையில் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்: எந்த முறையில் அச்சிடுவீர்கள்? கோப்பைகளுக்கும் விளையாட்டுச் சட்டைகளுக்கும் பயன்படும் சப்ளிமேஷன் முறை பாலியெஸ்டர் துணிக்கு மட்டுமே ஏற்றது; பருத்தியில் அந்தச் சாயம் பிடிக்காது. பருத்திக்கு நேரடி டிஜிட்டல் அச்சு மென்மையாக அமையும். வெப்பத்தால் ஒட்டும் படலமும் உண்டு. அது தொட்டால் சற்று நெகிழியைப் போலிருக்கும், அதன்மேல் நேராக இஸ்திரி போடக் கூடாது. எட்டு அங்குல அகலத்தில் அச்சிடப்படும் படம் குறைந்தது 1,200 பிக்சல் அகலமாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுவிடும் என்பதால், ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய ஸ்டூடியோப் படங்களை ஸ்கேன் செய்துகொண்டு மூலப்படத்தைப் பத்திரமாகத் திருப்பி வையுங்கள்.

துணிகளையெல்லாம் வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும், புதுப்பருத்தி சுருங்கும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். டி-ஷர்ட் துணி இழுபடும் என்பதால் அதன் பின்புறம் ஒட்டுக் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டபின் வெட்டுவதே முறை. மடிப்பில் இற்றுப்போன பட்டுக்கு அடியில் ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்தால் தாங்கும்.

வங்கியாளர்களுக்கே உரிய இன்னோர் அறிவுரையும் உண்டு. கடைக்காரரிடம் கைப்பேசியையே கொடுத்து ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லாதீர்கள். தேர்ந்தெடுத்த எட்டுப் படங்களை மட்டும் அனுப்புங்கள். கடையின் கணினியில் உங்கள் மின்னஞ்சலைத் திறந்தால் வெளியேறிவிட்டீர்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆதார் அட்டை, கையொப்பம், கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவை தென்படும் படம் எதுவும் வெளியே போக வேண்டாம்.

தைப்பவருக்கு உரிய கூலி

எல்லா வீடுகளிலும் தையல் தெரிந்தவர் இருக்க மாட்டார். நேரமும் எல்லோருக்கும் வாய்க்காது. அக்கம்பக்கத்துத் தையற்கலைஞரிடமோ மகளிர் சுய உதவிக் குழுவிடமோ வேலையை ஒப்படைக்கலாம். அப்போது மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. இருபது சதுரங்களை மூலை பிசகாமல் இணைப்பது ரவிக்கை தைப்பதைவிட நெடிய வேலை. கையால் ஓடு தையல் போட்டால் வாரக்கணக்கில் ஆகும். ‘பழைய துணிதானே, இதற்கு இவ்வளவா?’ என்று பேரம் பேசுவது முறையாகாது. துணி உங்களுடையது, உழைப்பு அவருடையது. தாயின் கணக்கில் வராத உழைப்பைப் போற்றுவதற்காகச் செய்யும் பரிசில், இன்னொரு பெண்ணின் உழைப்பைக் கணக்கில் விட்டுவிடலாமா?

1992-இல் நபார்டு தொடங்கிய சுய உதவிக் குழு – வங்கி இணைப்புத் திட்டத்தின் வழியே கடன் பெற்றுத் தையல் இயந்திரம் வாங்கிய பெண்கள் நாடெங்கும் உள்ளனர். 2023-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களுள் ஒன்றாகத் தையலையும் சேர்த்து, முதற்கட்டமாக 1 லட்சம் ரூபாயும் அடுத்த கட்டமாக 2 லட்சம் ரூபாயும் 5 விழுக்காடு வட்டியில் பிணையின்றிக் கடன் தருகிறது. ஆனால் கடன் கொடுத்தால் மட்டும் தொழில் நிலைப்பதில்லை. வேலை கொடுக்க வாடிக்கையாளர் வேண்டும். கைத்தறி உடைகளைப் பட்டமளிப்பு விழாவில் அணியுமாறு பல்கலைக்கழக மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டதன் பொருளும் அதுதான். மேடையில் கைத்தறியை அணியும் பட்டதாரிக்கு வீட்டில் கைத்தையல் போர்வையைப் பரிசளிப்பது அதற்கு அடுத்த படி.

கடைசிப் பருவத் தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும் வீடுகள் இப்போதே தொடங்கலாம். அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் துணிகளை எவர்சில்வர்ப் பாத்திரக்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். யாருடைய துணி, எந்த ஆண்டு, யார் வாங்கித் தந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போர்வையின் பின்புறம் ஒரு மூலையில் அந்தப் பெயர்களை நூலால் தைத்துவிட்டால், பின்னாளில் அந்தப் பிள்ளையின் பிள்ளைகள் கேட்கும்போது சொல்வதற்கு விடை இருக்கும்.